கிழ யந்திரத்துக்கு ஒரு காவற்காரன்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காந்தி வீதிச் சந்தையில் பழைய புத்தகங்களைப் புரட்டிக் கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் ஓடி வந்து, "வாத்தியார் ஐயா! சொல்தா வீட்டுப் பாட்டி உங்களை உடனே வரச் சொன்னாங்க. அவங்க கம்ப்யூட்டருக்கு ஜன்னி கண்டிருக்காம்!" என்றான்.

சொல்தா என்றால் பிரெஞ்சு ராணுவத்தில் சேவகம் செய்தவர் என்று புதுச்சேரி வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் நேயர்களுக்காகச் சொல்லி வைத்தோம். அந்த அம்மாளின் புருஷர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. பென்ஷன் மட்டும் பிரான்ஸிலிருந்து தவறாமல் வந்து கொண்டிருக்கிறது. அதற்காக, தாம் உயிரோடு இருப்பதாக வருஷந்தோறும் ஓர் அத்தாட்சிப் பத்திரம் அனுப்பியாக வேண்டும். பத்திரத்தை அனுப்புவது, பாரிஸில் உள்ள பேரனோடு முகம் பார்த்துப் பேசுவது, எல்லாம் ஒரே யந்திரத்தில்தான். 2012-ஆம் வருஷம் மகன் வாங்கி வைத்துவிட்டுப் போனது. விண்டோஸ் 7 போட்டது.

நாம் போய்ப் பார்த்தபோது திரை முழுவதும் செக்கச் செவேலென்றிருந்தது. "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது! ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது! உடனே இந்த நம்பருக்குப் பேசிப் பணம் கட்டுங்கள்!" என்று எச்சரிக்கை. கூடவே ஒரு சங்கு ஊதுகிற சத்தம். பாட்டியம்மாள் வங்கி அட்டையைக் கையில் எடுத்து வைத்துக் கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்.

"கட்டிடட்டுமா தம்பி? மூவாயிரம்தான் கேக்கறான்."

"கட்டாதீங்க அம்மா! அட்டையை முதல்ல உள்ளே வையுங்க" என்றோம்.

அது ஆன்டிவைரஸின் எச்சரிக்கையே அல்ல. இணையத்தில் எங்கோ தட்டியதால் திறந்துகொண்ட ஒரு மோசடிப் பக்கம். பிரௌசரை மூடியதும் சங்கும் நின்றது, ஜன்னியும் இறங்கிற்று. உண்மையான ஆன்டிவைரஸ் எதுவும் டெலிபோன் நம்பரைக் காட்டி "என்னைக் கூப்பிடு" என்று கதறுவதில்லை. இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டாலே அநேகம் பேருடைய பென்ஷன் பிழைத்துப் போகும்.

நிற்க. மோசடிக்காரன் சொன்னதில் ஒரு பாதி நிஜமாகவும் இருந்தது. யந்திரத்தில் இருந்த இலவச ஆன்டிவைரஸ் எப்போதோ அப்டேட் வாங்குவதை நிறுத்திவிட்டிருந்தது. சம்பளம் நின்ற பிறகும் வாசல் திண்ணையை விடாமல் படுத்துறங்கும் காவற்காரனைப் போல், அதன் சின்னம் மட்டும் திரையின் மூலையில் இருந்தது. "அப்போ நல்லதா வேற ஒண்ணு வாங்கிப் போட்டுடு தம்பி" என்றார் பாட்டியம்மாள். கேட்பது சுலபம். நாம்தான் இரண்டு வாரம் அலைந்தோம்.

முதலில் ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். ஆன்டிவைரஸ் என்பது வாசலில் நிற்கும் காவற்காரன். வருகிறவன் முகத்தைப் பார்த்து, தன் கையிலுள்ள திருடர் ஜாபிதாவோடு ஒப்பிட்டுப் பார்ப்பவன். கதவு, தாழ்ப்பாள், சுவர் எல்லாம் ஆபரேட்டிங் சிஸ்டம். சுவரில் பொந்து விழுந்தால் அதை அடைக்க வேண்டியவர் வீட்டைக் கட்டிய கொத்தனார். விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோஸாப்ட் கொத்தனார் 2014 ஏப்ரல் 8-ல் கும்பிடு போட்டார். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. அதற்குப் பிறகு காவற்காரன் எவ்வளவு கெட்டிக்காரனாயிருந்தாலும் பொந்து பொந்துதான்.

பொந்து வழியாக என்ன வரும் என்பதற்குப் பிரான்ஸ் தேசமே சாட்சி. கான்பிக்கர் என்ற புழு நுழையும் பொந்தை அடைக்க 2008 அக்டோபரிலேயே மைக்ரோஸாப்ட் மருந்து வெளியிட்டது. மருந்தைப் பூசாமல் விட்ட இடங்களில் பிரெஞ்சுக் கடற்படையும் ஒன்று. 2009 ஜனவரியில் புழு அதன் உள்வலைக்குள் புகுந்துவிட்டது. பறப்பதற்கான திட்டங்களைக் கம்ப்யூட்டரிலிருந்து இறக்கிக்கொள்ள முடியாமல் போர் விமானங்கள் சில தரையிலேயே நின்றன! இதைச் சொன்னதும் பாட்டியம்மாள், "எங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா மானம் போச்சுன்னு ரெண்டு நாள் சாப்பிட்டிருக்க மாட்டார்" என்றார்.

2017 மே 12-ல் கிளம்பிய வான்னக்ரை இன்னும் மோசம். யாரும் எதையும் தட்ட வேண்டியதில்லை. வலையில் இணைந்திருந்தாலே போதும். 150 தேசங்களுக்கு மேல் பரவி, கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு 300 டாலர் கேட்டது. இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகள், நம் ஆந்திரப் போலீஸாரின் கம்ப்யூட்டர்கள், கேரளத்துப் பஞ்சாயத்து ஆபீஸ்கள் எல்லாம் அகப்பட்டன. இதற்கும் இரண்டு மாதம் முன்னாலேயே மருந்து வந்திருந்தது. ஓய்வு பெற்றுவிட்ட எக்ஸ்பிக்குங்கூட, நிலைமையைப் பார்த்து, மறுநாளே விசேஷ மருந்து வெளியிட்டார்கள். மறுபடியும் அப்படி இரங்குவார்கள் என்று நம்பியிருக்க முடியுமா? ரிஸர்வ் வங்கி நம்பவில்லை. 2018 ஜூனில், ஏ.டி.எம். யந்திரங்கள் அனைத்தையும் பழைய ஆபரேட்டிங் சிஸ்டங்களிலிருந்து 2019 ஜூனுக்குள் படிப்படியாக மாற்றியாக வேண்டும் என்று வங்கிகளுக்குக் கெடு வைத்தது. நாம் அட்டையைச் செருகி எடுத்த பணம் அதுவரை எக்ஸ்பியின் கையால் வந்தது என்பதை எத்தனை பேர் அறிவோம்!

சரி, காவற்காரனைத் தேர்ந்தெடுப்பது எப்படி? சுதேசிச் சரக்குக்குக் குறைவில்லை. சென்னையில் பிறந்த கே7 இருக்கிறது. புனேயின் குயிக் ஹீல் இருக்கிறது. கால்குலேட்டர் பழுது பார்த்துக் கொண்டிருந்த கைலாஷ் காட்கரும் அவர் தம்பி சஞ்சயும் வளர்த்தது. எதுவானாலும் கடைக்காரர் "போட்டால் ஓடும்" என்பதைக் கேட்டுக்கொண்டு பெட்டியைப் பிரிக்கக் கூடாது. ஓடுவது வேறு, ஆதரவு வேறு. தங்கள் விண்டோஸின் பெயர் கம்பெனியின் சொந்தப் பக்கத்தில் ஆதரவு ஜாபிதாவில் இருக்கிறதா, புதுத் திருடர் ஜாபிதா அதற்கு இன்னும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பழையதை முழுக்க நீக்கி, யந்திரத்தை ஒரு முறை அணைத்துப் போட்ட பிறகே புதியதை ஏற்ற வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைத்தால் இரு காவற்காரர்களும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள், யந்திரம் ஆமையாகிவிடும்.

கேளாமலே காவல் மாறின கதையும் உண்டு. ரஷ்யாவின் காஸ்பர்ஸ்கியை 2024-ல் அமெரிக்கா தடை செய்தது. அந்தச் செப்டம்பரில் அந்நாட்டு வாடிக்கைக்காரர்கள் பலர் யந்திரத்தைத் திறந்து பார்த்தால், காஸ்பர்ஸ்கி போய் அல்ட்ராஏவி என்ற ஒன்று குடியேறியிருந்தது. வீட்டுக்காரரைக் கேட்காமல் காவற்காரன் தன் மைத்துனனை அமர்த்திவிட்டுப் போவது போல!

நாம் கண்டறிந்தது என்னவெனில், விண்டோஸ் 7-க்கு ஆன்டிவைரஸ் கிடைத்தாலும் பயன் அரைகுறைதான். குரோம் பிரௌசரும் 2023 பிப்ரவரியிலேயே அதைக் கைவிட்டுவிட்டது. அப்படிப்பட்ட ஜன்னல் வழியாகப் பென்ஷன் கடிதம் போவதற்கு நமக்கு மனம் துணியவில்லை. விண்டோஸ் 11-ஐ 2012-ஆம் வருஷத்து யந்திரம் ஏற்காது. விண்டோஸ் 10-க்கோ, சில நிபந்தனைகளுடன் 2026 அக்டோபர் 13 வரையில் ஒரு வருஷ நீட்டிப்பைத்தான் மைக்ரோஸாப்ட் முதலில் அறிவித்தது. ஒரு வருஷத்துக்காக அவ்வளவு பிரயாசையா? மிஞ்சியது லினக்ஸ். கேரளத்துப் பள்ளிக்கூடங்கள் பல வருஷங்களாக அதில்தான் நடக்கின்றன. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே இருப்பதற்கு ஒரு கீறலும் விழாது. ஓட்டினோம். கிழ யந்திரம் குமரியாகிவிட்டது. நாமும் மார் தட்டிக் கொண்டோம்.

அப்போதுதான் பாட்டியம்மாள் மெதுவாக, "அவர் எழுதினது தெரியுதா, பாரு" என்றார்.

சொல்தா தம் கடைசிக் காலத்தில், ஜிபூத்திக்குக் கப்பலேறியது முதலான தம் சரித்திரத்தைத் தாமே தட்டச்சு செய்து வைத்திருந்தார். இருநூறு பக்கத்துக்கு மேல். யூனிகோடுக்கு முந்திய ஏதோ ஓர் எழுத்துருவில், ஏதோ ஒரு பழைய மென்பொருளில். லினக்ஸில் திறந்தால் ரோமன் எழுத்துக் குப்பை. எழுத்துரு மாற்றிகளில் போட்டுப் பார்த்தோம். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக வந்தது. விண்டோஸ் 7-ல் மட்டும் முத்து முத்தான தமிழ். அம்மாள் திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அழிக்கச் சொல்லும் தைரியம் நமக்கு ஏது?

ஆகையால் கிழ யந்திரத்தை அப்படியே விட்டுவிட்டோம். எல்லாவற்றையும் இரண்டு தனி டிஸ்க்குகளில் நகல் எடுத்து, ஒன்றை அம்மாளின் பீரோவிலும் மற்றொன்றை நம் வீட்டிலும் வைத்தோம். இணையக் கம்பியை உருவினோம், வைஃபையை அணைத்தோம். வேறு யந்திரத்தில் சோதிக்காத பென் டிரைவ் எதுவும் அதன் அருகே வரக் கூடாதென்று கண்டிப்பான உத்தரவு. பென்ஷனுக்கும் பேரனுக்கும், மகன் பணம் அனுப்பி, விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினி ஒன்று வந்திருக்கிறது. அதிலேயே டிபெண்டர் என்ற காவல் கூடவே வருவதால் தனியாக எதுவும் வாங்கவில்லை. இவ்வருஷத்து அத்தாட்சிப் பத்திரமும் அதிலிருந்தே போய்ச் சேர்ந்தது.

"கம்பியையே புடுங்கிட்டியே தம்பி, இனிமே இதுக்குக் காவல் யாரு?" என்றார் பாட்டியம்மாள். தாமே ஒரு பழைய மேஜைத் துணியை எடுத்து அதன் மேல் போர்த்தினார்.

நம் மாணவன் ஒருவன் சனிக்கிழமைதோறும் அங்கே போய், கிழ யந்திரத்தின் திரையைப் பார்த்துப் பார்த்து மடிக்கணினியில் யூனிகோடில் தட்டச்சு செய்து வருகிறான். நாற்பத்து மூன்றாம் பக்கம் ஆகியிருக்கிறது. கப்பல் இன்னும் ஜிபூத்தி போய்ச் சேரவில்லை.