கதிர் குறுகினால் போதுமா?

நம் விடுதி வாசகசாலையில் நூறு பேர் அமர்ந்தால் நூறு மடிக்கணினிகளும் நூறு கைப்பேசிகளும் உடன் அமர்கின்றன. அத்தனையும் ஒரே காற்றில் பேசியாக வேண்டும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வரிசையிலோ ஒன்றோடொன்று மோதாத வழிகள் மூன்றுதான். ஆய்வுக் கட்டுரை பாதியில் நின்றுபோவதும், ஊரிலுள்ள தாயின் முகம் திரையில் உறைந்து நிற்பதும் நாம் அன்றாடம் காண்பவை.

இதற்கு மருந்தாக 60 ஜிகாஹெர்ட்ஸ் கருவிகளை மாணவர் நிதியிலிருந்து வாங்கிவிடலாம் என்று நண்பர்கள் சிலர் வாதாடுகிறார்கள். கருவியை நானும் வரவேற்கிறேன். கருவி வந்தாலே தொல்லை ஒழியும் என்பதைத்தான் ஏற்க இயலவில்லை.

கொல்கத்தாவில் படிக்கும் நமக்கு இந்த அலை அந்நியமானதன்று. 1890-களில் இவ்வூர்ப் பிரசிடென்சி கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ் 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைகளை உண்டாக்கி, குழல்களாலும் லென்ஸ்களாலும் அவற்றைத் திசைப்படுத்திக் காட்டினார். 60 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளமும் அதே 5 மில்லிமீட்டர்தான். அலை சிறுத்ததால் ஏரியலும் சிறுத்துவிட்டது. 32 ஏரியல்களை ஒரு தபால்தலைக்குள் அடுக்கி, அவை சேர்ந்து ஒரே திசையில் கதிர் வீசுமாறு செய்யலாம். 2012-இல் 802.11ஏடி என்ற நியதியும், 2021-இல் 802.11ஏஒய் என்ற நியதியும் இவ்வலைவரிசைக்கென்றே வகுக்கப்பட்டன.

நண்பர்கள் மூன்று காரணம் கூறுகிறார்கள். முதலாவது, பிராணவாயு இந்த அலையை விழுங்கிவிடுமாம். விழுங்குவது மெய்தான், ஆனால் கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபெல் அளவில். பத்து மீட்டர் மண்டபத்தில் அது 0.15 டெசிபெல், இருந்தும் இல்லாதது போலத்தான். இரண்டாவது, சுவர் தடுக்குமாம். அறைக்கு அறை தடுக்கும். ஒரே மண்டபத்தில் அமர்ந்திருப்பவர்களுக்கு இடையே சுவர் ஏது? மூன்றாவது, கதிர் குறுகியதாம். எந்த ஏரியலும் பக்கவாட்டில் சிறிது கசியவே செய்யும். இரும்பு அலமாரியில் பட்டுத் திரும்பும் கதிர் எங்கோ இருப்பவனைத் தாக்கும்.

இவற்றினும் பெரிய இடையூறு செவிட்டுத்தன்மை. பழைய கருவிகள் நாற்புறமும் காது கொடுத்து, எவரும் பேசவில்லை என்று கண்ட பின்னரே பேசத் தொடங்கும். ஒரு திசையில் மட்டும் செவி சாய்த்த கருவிக்கோ, மறுதிசையில் நடக்கும் பேச்சு கேட்காது. எனவே காற்று சும்மா இருப்பதாக எண்ணித் தானும் தொடங்கும். இரண்டு பேச்சும் கெடும். போதாக்குறைக்கு, ஒருவர் குறுக்கே நடந்தால் கதிர் அறுபடும். அதை மீண்டும் பிடிக்கக் கருவி ஒவ்வொரு திசையாகத் துழாவும். கூட்டம் மிகுந்தால் அந்தத் துழாவலே ஓர் இரைச்சல்.

இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. 802.11ஏடி நியதியிலேயே நேரப் பங்கீடு உண்டு. இன்னார் இன்ன நேரத்தில் பேசலாம் என்று நிலையம் முறை வைக்கும். ஓர் இணை பேசும்போது மற்றோர் இணையை அளந்து பார்க்கச் சொல்லி, இடையூறு இல்லையெனில் இரண்டையும் ஒரே நேரத்தில் பேசவிடும். குறுங்கதிரின் உண்மையான பயன் இங்கேதான் கிட்டுகிறது. ஒரே வழியைப் பயன்படுத்தும் அண்டை நிலையங்களும் தமக்குள் முறை வகுத்துக்கொள்ளலாம். தேவைக்கு மேல் சக்தியைச் செலவிடாதிருந்தால் கசிவும் தணியும்.

ஆனால் ஆளுக்கொரு பெட்டியை வாங்கி, அவரவர் விருப்பம்போல் முழுச் சக்தியில் முடுக்கினால் இந்த ஏற்பாடு எப்படி நடக்கும்? ஆகவே நிதியைத் தொடுமுன் மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்பது என் துணிபு. வாசகசாலை நிலையங்கள் யாவும் ஒரே நிர்வாகத்தின்கீழ் இருக்கட்டும். தனியார் பெட்டிகளுக்கு அங்கே இடம் வேண்டாம். விற்பவர் வெற்று மண்டபத்தில் காட்டும் வேகத்தை நம்பாமல், நூறு பேரை அமர்த்தியும் நடக்கவிட்டும் சோதித்த பின்னரே விலை பேசுவோம்.

ஒருவர் பேசும்போது மற்றவர் பொறுப்பது சபை நாகரிகம். நம் மன்றக் கூட்டங்களில் நாம் கைக்கொள்ளும் அந்த நாகரிகத்தை நம் கருவிகளுக்கும் கற்பிப்போம். நிதி நம்முடையது, காற்றும் நம் எல்லோருடையது.