பாரிவாக்கத்தில் கடை வாங்குவோர் உஷார்! புரோக்கர் சொல்வதுதான் விலையா?

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில் இருக்கிறது பாரிவாக்கம். ஒரு காலத்தில் வயலும் ஏரியுமாக இருந்த ஊர். இப்போது சாலை ஓரத்தில் ஒரு ஷட்டர் கடை என்றால் லட்சக்கணக்கில் பேரம் நடக்கிறது.

வாங்க வருகிறவர்கள் பெரிய கோடீஸ்வரர்கள் அல்ல. ரிட்டையர் ஆன குமாஸ்தா, மளிகைக் கடைக்காரர், பி.எப். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு "மாதா மாதம் வாடகை வந்தால் போதும்" என்று நினைக்கிறவர்கள். பணம் போனால் திரும்ப சம்பாதிக்க இவர்களுக்கு வயசு இல்லை.

இவர்களிடம் புரோக்கர்கள் பாடும் பல்லவி ஒன்றே ஒன்றுதான். "மெட்ரோ வந்தாச்சு சார்!"

மெட்ரோ எங்கே?

கலங்கரை விளக்கத்தில் தொடங்கும் அந்தப் பாதை பூந்தமல்லி பைபாசில் முடிகிறது. நீளம் 26.1 கிலோ மீட்டர். அதில் பாரிவாக்கத்துக்கு ஸ்டேஷன் கிடையாது. ரெயிலை விட்டு இறங்குகிற ஜனம் மருந்தும் காய்கறியும் பூந்தமல்லியிலேயே வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடும். பாரிவாக்கத்துக் கடைக்காரருக்கு அதில் என்ன லாபம்?

அப்படியானால் கடையை எப்படி மதிப்பிடுவது? வாடகையை வைத்துத்தான்.

பழைய கணக்கு

1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கடைகளுக்கு நியாய வாடகை என்று ஒரு கணக்கு இருந்தது. மனையும் கட்டிடமும் சேர்ந்த மதிப்பில் வருஷத்துக்கு 12 சதவீதம். அதாவது மாதம் 1 சதவீதம். திருப்பிப் போட்டால் நூறு மாத வாடகைதான் கடையின் விலை! 2019-ல் புதுச் சட்டம் வந்து அது போய்விட்டது. ஆனாலும் கணக்கு கணக்குதானே.

ஒரு கடைக்கு மாத வாடகை 15 ஆயிரம், சொல்கிற விலை 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். போட்ட பணம் திரும்ப 400 மாதம் ஆகும். 33 வருஷம்! கிடைப்பது 3 சதவீதம். பாங்கியில் 6 சதவீதத்துக்குப் போட்டால்கூட இதைப் போல் இரண்டு மடங்கு வரும். சொத்து வரி, ஷட்டர் ரிப்பேர், காலியாகக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் தனி.

இன்றைய நிலவரத்தில் நூறு மாதத்துக்கு யாரும் தர மாட்டார்கள், வாஸ்தவம்தான். மனை விலை ஏறும் என்று 200 மாதம் வரை போகலாம். அதற்கு மேல் கேட்டால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவது நல்லது.

வாடகை நிஜமா?

இதில்தான் தில்லுமுல்லு. விற்கிற ஆசாமி தன் மச்சானையே வாடகைக்காரராக உட்கார வைத்து, 15 ஆயிரத்தை 30 ஆயிரம் என்று சொல்ல முடியும். 11 மாத அக்ரிமெண்ட் பதிவு ஆகாமலே இருக்கும். வில்லங்கச் சான்றில் அது தெரியாது. கரண்ட் பில்லைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். வியாபாரம் நடக்கிற கடையில் பிரிட்ஜ் ஓடும், விளக்கு எரியும். இரண்டு மாதத்துக்கு அற்பத் தொகை வந்திருந்தால் அங்கே வியாபாரம் இல்லை, நாடகம்தான்.

பத்திரம், பட்டா, 30 வருஷ வில்லங்கம் எல்லாம் வக்கீல் பார்ப்பார். ஆனால் ஏரி, வாய்க்கால் உள்ள ஊர் இது. சர்வே எண் புறம்போக்கை ஒட்டி இருக்கிறதா என்று கிராமக் கணக்கில் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக்கூடாது. அந்த இடம் வணிக உபயோகத்துக்கு உரியதா என்பதை சி.எம்.டி.ஏ. வரைபடம் சொல்லும். வீட்டு மனையில் ஷட்டர் மாட்டிவிட்டால் அது கடை ஆகிவிடாது!

2015 டிசம்பர் மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்பதை எந்தப் பத்திரத்திலும் எழுதி இருக்காது. அதை எதிர் டீக்கடையில்தான் கேட்க வேண்டும். சாயங்காலம் 7 மணிக்குப் போய் ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தால், அந்தக் கடைக்குள் எத்தனை பேர் நுழைகிறார்கள் என்பதையும் எண்ணிவிடலாம்.