லேப்டாப்பைப் பிரித்து ப்ராசஸரை ஓவர்கிளாக் பண்ணலாமா? வேகம் கூடுமா, போர்டு போகுமா?

கல்லூரி மாணவர்கள் 10 லட்சம் பேருக்கு லேப்டாப் வழங்கும் திட்டத்தை தமிழக அரசு 2026 ஜனவரியில் தொடங்கியது. இன்டெல் ஐ3 அல்லது ஏஎம்டி ரைசன் 3 ப்ராசஸர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. படிப்புக்கும் ப்ராஜெக்ட்டுக்கும் இது தாராளமாகப் போதும். ஆனா வீடியோ எடிட்டிங், 3டி டிசைன், பெரிய கேம் என்று போனால் லேப்டாப் திணற ஆரம்பிக்கும்.

"புதுசு வாங்கிடலாம்" என்று சொல்வதும் இப்போது சுலபமில்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை மொத்தமாக அள்ளுவதால் 2025 கடைசியில் ரேம் விலை எகிறியது. ரேம், எஸ்எஸ்டி விற்றுவந்த 'க்ரூஷியல்' பிராண்டிலிருந்தே விலகுவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது.

அதனால், கையில் இருக்கும் லேப்டாப்பையே முடுக்கிவிட முடியுமா என்று தேடுபவர்கள் கண்ணில் படுவதுதான் ஹார்டுவேர் மாடிஃபிகேஷன் வீடியோக்கள். போர்டில் ஒரு சின்ன சால்டரிங், வேகம் பறக்கும் என்கிறார்கள். உண்மையிலேயே பறக்குமா? விருதுநகர், சிவகாசி மாதிரி வெயில் ஊரில் இதைச் செய்தால் என்ன ஆகும்? பார்க்கலாம்.

ஓவர்கிளாக்கிங் என்றால் என்ன?

ப்ராசஸர் ஒரு நொடிக்கு எத்தனை 'துடிப்பு' துடிக்கிறது என்பதுதான் அதன் கிளாக் வேகம். 4 ஜிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 400 கோடி துடிப்பு. கம்பெனி நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓட வைப்பதே ஓவர்கிளாக்கிங்.

ஒரு காலத்தில் இது உண்மையிலேயே லாபகரமான வேலைதான். 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ ப்ராசஸரை 300 மெகாஹெர்ட்ஸில் இருந்து 450-க்கு ஓட்டினார்கள். சில போர்டுகளில் அதற்கு ஒரு காண்டாக்ட் மீது டேப் ஒட்டினாலே போதும். 2000-களின் தொடக்கத்தில் ஏஎம்டி ப்ராசஸர்களின் மேலிருந்த சின்ன இணைப்புப் புள்ளிகளை பென்சிலால் கோடு போட்டு இணைத்து 'லாக்'கை எடுத்தவர்கள் உண்டு. கோர் 2 டுவோ காலத்து லேப்டாப்களிலும், போர்டுக்கு வேகத்தைச் சொல்லும் பின்களை மாற்றி இணைக்கும் வித்தை நடந்தது.

அப்போது கம்பெனிகள் சிப்பின் உண்மையான திறனில் நிறைய மிச்சம் வைத்து விற்றன. அந்த மிச்சத்தைத்தான் ஓவர்கிளாக்கர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது ஏன் அது நடக்காது?

அந்த மிச்சத்தை இப்போது கம்பெனியே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. உதாரணத்துக்கு இன்டெல் கோர் ஐ3-1215யு ப்ராசஸரை எடுத்துக்கொள்வோம். இதன் முக்கிய கோர்களின் அடிப்படை வேகம் 1.2 ஜிகாஹெர்ட்ஸ். தேவைப்பட்டால் 4.4 வரை தானாகவே எகிறும். இதற்குப் பெயர் 'டர்போ'. அடிப்படை மின்சக்தி 15 வாட், டர்போவில் 55 வாட் வரை.

அப்படியென்றால் எப்போதும் 4.4-லேயே ஓடவேண்டியதுதானே? ஓடாது. சூடு ஏறியதும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதாவது லேப்டாப்பில் பெரும்பாலும் தடையாக இருப்பது சிப் இல்லை. சூட்டை வெளியே தள்ளும் ஃபேனும், மின்சாரம் கொடுக்கும் சர்க்யூட்டும்தான்.

இன்னொரு விஷயம். இந்த ரக ப்ராசஸர்கள் போர்டோடு சேர்த்தே சால்டர் செய்யப்பட்டவை. வேகத்தைக் கூட்டும் செட்டிங்கும் பூட்டப்பட்டிருக்கும். அதனால்தான் வீடியோக்களில் போர்டிலேயே கை வைக்கிறார்கள்.

என்னென்ன செய்கிறார்கள்?

முதலாவது, ஷன்ட் மாடிஃபிகேஷன். எவ்வளவு கரன்ட் போகிறது என்று அளக்க போர்டில் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும். அதன் மேல் அதே அளவு இன்னொன்றை சால்டர் செய்தால், 20 வாட் இழுக்கும்போது 10 வாட் என்றே கணக்குக் காட்டும். வீட்டு ஈபி மீட்டரைத் திருத்துவது மாதிரிதான். மீட்டர் குறைவாகக் காட்டுவதால் வயர் சூடாகாமல் இருக்கப்போவதில்லை.

இரண்டாவது, பயாஸ் சிப்பில் கிளிப் மாட்டி வேறு ஃபர்ம்வேர் ஏற்றுவது. 2013-க்குப் பிறகு வந்த பல இன்டெல் லேப்டாப்களில் 'பூட் கார்டு' என்ற பாதுகாப்பு உண்டு. கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து பொருந்தாவிட்டால் மெஷின் ஆன் ஆகவே ஆகாது. தவறான வோல்டேஜ் கொடுக்கும் மலிவு ப்ரோகிராமரை மாட்டினால் பயாஸ் சிப்பே போகலாம்.

மூன்றாவது, தெர்மல் பேஸ்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல். இது சூட்டை நன்றாகக் கடத்தும், அதில் சந்தேகமில்லை. ஆனா மின்சாரத்தையும் கடத்தும். ஒரு சொட்டு ஓடி பக்கத்து பாகத்தில் பட்டால் ஷார்ட் சர்க்யூட். அதில் இருக்கும் காலியம் அலுமினியத்தை அரித்துவிடும் என்பதால் அலுமினிய ஹீட்சிங்க்கில் தடவவே கூடாது.

சூட்டுக் கணக்கு என்ன சொல்கிறது?

வேகத்தைக் கூட்டினால் பெரும்பாலும் வோல்டேஜையும் கூட்டியாக வேண்டும். வேகம் கூடும் அளவுக்கே மின்செலவும் கூடும். ஆனா வோல்டேஜ் கூடினால் அதன் இரண்டு மடிப் பெருக்கமாகக் கூடும். வேகம் 20 சதவீதமும் வோல்டேஜ் 10 சதவீதமும் கூடினால், 1.2 × 1.1 × 1.1 = 1.45. அதாவது 20 சதவீத வேகத்துக்கு 45 சதவீதம் கூடுதல் சூடு.

ப்ராசஸர் சுமார் 1 வோல்ட்டில் வேலை செய்கிறது. 1 வோல்ட்டில் 45 வாட் என்றால் 45 ஆம்பியர். வீட்டில் ஏசிக்குப் போடும் பவர் ப்ளக்கே 16 ஆம்பியர்தான். விரல் நகம் அளவு பாகங்கள் வழியாக இவ்வளவு கரன்ட் போகிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

இதோடு நம்ம ஊர் வெயிலைச் சேருங்கள். ஒரு லேப்டாப் முழு வேலையில் அறை வெப்பத்தைவிட 60 டிகிரி கூடுதலாகச் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 டிகிரி அறையில் சிப் 80-ல் நிற்கும். அதே லேப்டாப் 38 டிகிரி அறையில் 98. இன்டெல் லேப்டாப் சிப்கள் பலவற்றுக்கு எல்லையே 100 டிகிரிதான். குளிர் நாட்டில் எடுத்த வீடியோவில் வந்த ரிசல்ட் சாத்தூரிலோ சிவகாசியிலோ சித்திரை மாதத்தில் வராததற்குக் காரணம் இதுதான். உலக சாதனை வேகங்கள் எல்லாம் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன், அதைவிடக் குளிரான திரவ ஹீலியம் ஊற்றி எடுக்கப்பட்டவை.

"எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

ஓவர்கிளாக் செய்தவர்கள் பலர் சொல்லும் பதில் இது. இங்கேதான் கவனம் தேவை.

பட்டாசுத் தொழில் தெரிந்தவர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். ஒரு அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்று கட்டுப்பாடு உண்டு. "கூடக் கொஞ்சம் வச்சா என்ன ஆயிடும்?" என்று மீறினால், பெரும்பாலான நாட்களில் ஒன்றுமே ஆகாது. ஒன்றும் ஆகாத அந்த நாட்கள்தான் தைரியத்தைக் கொடுக்கும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த மாவட்டம் இது. ஒரு லேப்டாப் போவதை அந்த இழப்போடு ஒப்பிடவே முடியாது. ஆனா, 'இதுவரை ஒன்றும் ஆகவில்லை' என்பது பாதுகாப்புக்கு ஆதாரம் ஆகாது என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

சிப்பிலும் சேதம் உள்ளுக்குள் மெதுவாகத்தான் நடக்கும். கூடுதல் கரன்ட்டும் சூடும் சேர்ந்தால், உள்ளே இருக்கும் மெல்லிய உலோகப் பாதைகளில் அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக இடம் பெயரும். இதை 'எலக்ட்ரோமைக்ரேஷன்' என்கிறார்கள். சில மாதம் நன்றாக ஓடும். அப்புறம் திடீரென்று ப்ளூ ஸ்க்ரீன், ஃபைல் கரப்ட், ஹேங்.

இன்டெல்லுக்கே நடந்தது இது

2024-ல் இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் உலகம் முழுக்க கிராஷ் ஆகத் தொடங்கின. சிப்புக்குத் தேவைக்கு அதிகமான வோல்டேஜ் போனதுதான் முக்கியக் காரணம் என்று அந்த நிறுவனமே ஜூலையில் ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட்டில் மைக்ரோகோட் அப்டேட் வந்தது. ஆனா ஏற்கெனவே பாதிக்கப்பட்ட சிப்களை அந்த அப்டேட்டால் சரிசெய்ய முடியவில்லை. வாரன்ட்டியை 2 ஆண்டு நீட்டித்து மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்த சிப்பை வடிவமைத்த, அத்தனை லேப் வசதியும் உள்ள கம்பெனிக்கே வோல்டேஜ் கணக்கு தப்பியது. அதே கணக்கை ஒரு சால்டரிங் அயர்னையும் யூடியூப் வீடியோவையும் வைத்து நாம் சரியாகப் போட்டுவிட முடியுமா? இன்டெல் மாற்றிக் கொடுத்தது. நம்ம கையால் மாற்றிய போர்டை யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

எதை இழக்க வாய்ப்பு?

ப்ராசஸர் தனியாகப் போனாலும் போர்டையே மாற்ற வேண்டும். சாதாரண லேப்டாப்பில் விலை உயர்ந்த பாகமே அதுதான். வாரன்ட்டியும் கிடைக்காது.

டேட்டா விஷயம் இன்னும் முக்கியம். விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் என்க்ரிப்ஷன் தானாகவே ஆன் ஆகியிருக்கும். பயாஸை மாற்றினாலோ போர்டு போனாலோ 'ரெக்கவரி கீ' கேட்கும். அந்த 48 இலக்க எண் இல்லையென்றால், எஸ்எஸ்டி நன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் ப்ராஜெக்ட் ஃபைல் கிடைக்காது.

தீ ஆபத்து உண்டா? ப்ராசஸர் அளவு மீறிச் சூடானால் மெஷின் தானாக ஆஃப் ஆகும். பயம் அதைச் சுற்றியுள்ளவற்றில்தான். கரன்ட் மீட்டரை ஏமாற்றிவிட்டால் மின்சார சர்க்யூட், சார்ஜர் இரண்டும் தாங்கும் அளவைத் தாண்டி ஓடும். தொடர்ந்து சூட்டில் இருந்தால் லித்தியம் பேட்டரியின் ஆயுளும் குறையும். பேட்டரி உப்பியது தெரிந்தால் உடனே பயன்பாட்டை நிறுத்திவிட வேண்டும்.

சிவகாசியில் பல இடங்களில் லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே காகிதக் கட்டும் காலண்டர் அட்டையும் அடுக்கியிருக்கும். அப்படிப்பட்ட அறையில் மாடிஃபை செய்த மெஷினை ராத்திரி முழுக்க ரெண்டரிங் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவது சரியான யோசனை இல்லை.

அப்ப, வேகத்துக்கு என்னதான் வழி?

* முதலில் எது இழுக்கிறது என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றில் எது 100 சதவீதத்தைத் தொடுகிறதோ அதுதான் பிரச்சினை. மெமரி நிறைந்தால் ஓவர்கிளாக் செய்தும் பலன் இல்லை.

* பழைய லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டி போடுங்கள். வித்தியாசம் ஆன் பண்ணும்போதே தெரியும். 2011-ல் தொடங்கிய முந்தைய விலையில்லா லேப்டாப்களுக்கும் இது பொருந்தும்.

* ரேம் ஸ்லாட் காலியாக இருந்தால் இன்னொரு ஸ்டிக். விலை ஏறினாலும் போர்டு விலையைவிடக் குறைவுதான்.

* ஃபேனை சுத்தம் பண்ணுங்கள். அச்சகங்களில் காகிதத் தூள் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் சூடு குறையும், டர்போ வேகம் கூடுதல் நேரம் நிற்கும். வாரன்ட்டி இருக்கும்போது இதை சர்வீஸ் சென்டரிலேயே செய்யுங்கள்.

* சார்ஜரில் போட்டு, பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' ஆக வைத்துப் பாருங்கள். மெத்தை, தலையணை மீது வைக்காதீர்கள்.

ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம் வெளியானதும் சிவகாசியில் டிசைன் வேலை சூடு பிடிக்கும். அந்த சீசனில் லேப்டாப் மெதுவாக ஓடினால் வேலை கொஞ்சம் தாமதம் ஆகும், அவ்வளவுதான். போர்டு போனால் வேலையே நின்றுவிடும். வீட்டில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர் அதுதான் என்ற மாணவருக்கும் இதே நிலைமைதான்.

அதையும் தாண்டி யாராவது "ஸ்பீடு பண்ணித் தர்றேன் தம்பி" என்று ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தால் மூன்று கேள்வி கேளுங்கள். என் வேலையில் எத்தனை நிமிஷம் மிச்சமாகும்? டேட்டாவுக்கு பேக்கப் எங்கே? போர்டு போனால் மாத்திக் கொடுப்பீங்களா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை வைத்து முடிவு செய்யுங்கள்.