பிஞ்சுக் குழந்தைக்கு மூச்சிரைப்பு... நெபுலைசர் வைக்காதது தவறா?

கேள்வி: என் மகளின் 4 மாதக் குழந்தைக்குச் சளி பிடித்து, மூன்றாம் நாள் மூச்சிரைத்தது. அரியலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். 'பிராங்கியோலைட்டிஸ்' என்கிறார்கள். ஆக்ஸிஜன் வைத்து, மூக்கை மட்டும் சுத்தம் செய்கிறார்கள். போன வருடம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பெரம்பலூரில் தினமும் மூன்று வேளை நெபுலைசர் வைத்தார்கள். நாங்களும் அங்கே மாற்றிவிடலாமா?
- ஒரு வாசகி, செந்துறை

பதில்: அதற்காக மாற்ற வேண்டாம் அம்மா. ஆக்ஸிஜன் தேவைப்படும் குழந்தையை அதை எடுத்துவிட்டுக் காரில் தூக்கிக்கொண்டு போவதுதான் ஆபத்து.

நெபுலைசர் ஒரு மருந்து அல்ல. மருந்தைப் பனிப்புகை போலாக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் கருவி, அவ்வளவுதான். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிவிடும். சால்பியூட்டமால் அதைத் தளர்த்தும். குழந்தை சட்டென்று தெளிந்துவிடும். பிராங்கியோலைட்டிஸ் வேறு. ஆர்.எஸ்.வி போன்ற வைரஸ் தாக்கி, நுரையீரலின் மிக நுண்ணிய குழாய்களின் உட்சுவர் வீங்கிவிடுகிறது. சளியும் சேர்ந்து அடைக்கிறது. தசையைத் தளர்த்தும் மருந்தால் அந்த அடைப்பு கரையாது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த நோய்க்கு சால்பியூட்டமால், அட்ரினலின், ஸ்டீராய்டு மூன்றும் வேண்டாம் என்கிறது. நார்வேயில் 404 குழந்தைகளிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், அட்ரினலின் கொடுத்ததும் வெறும் உப்புநீர் கொடுத்ததும் ஒரே பலனைத்தான் தந்தன. மணிக்கணக்கு வைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளைவிட, தேவைப்பட்டபோது மட்டும் கொடுக்கப்பட்டவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள்.

3 சதவிகித உப்புநீரை நெபுலைசரில் வைப்பதும் உண்டு. அதன் பலன் பற்றி ஆய்வுகள் ஒருமித்துச் சொல்லவில்லை. மருத்துவமனையில் சேர்த்த குழந்தைக்கு மருத்துவர் விரும்பினால் முயன்று பார்க்கலாம். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அடிக்கடி வீசிங் வரும் வேறு பிரச்னையாகவும் இருந்திருக்கலாம். இரண்டையும் ஒப்பிட வேண்டாம்.

உங்கள் பேரக்குழந்தைக்கு இப்போது நடப்பதே சரியான சிகிச்சை. பச்சிளங்குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுவார்கள். மூக்கடைப்பை நீக்கினால் மூச்சும் எளிதாகும், பால் குடிப்பதும் எளிதாகும். தாய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்கச் சொல்லுங்கள். மிகவும் மூச்சிரைத்தால் குழாய் வழியாகப் பால் கொடுப்பார்கள், பயப்பட வேண்டாம். பொதுவாக 3 முதல் 5-வது நாள் வரைதான் கடுமை. அதன் பிறகு தணியத் தொடங்கும். இருமல் மட்டும் இரண்டு, மூன்று வாரம் இழுக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் குளிப்பாட்டி சாம்பிராணி காட்ட வேண்டாம். விறகடுப்புப் புகை, பீடிப் புகை பக்கத்திலும் குழந்தை இருக்கக் கூடாது. மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். சளி பிடித்தவர்கள் கையைக் கழுவாமல் குழந்தையைத் தூக்கக் கூடாது. மருத்துவர் சொல்லாமல் நெபுலைசர் மெஷின் வாங்க வேண்டாம். 'மெஷின்தான் இருக்கிறதே' என்று வீட்டிலேயே வைத்துப் பார்த்து, போக வேண்டிய நேரத்தைக் கோட்டை விட்டுவிடக் கூடாது.

எப்போது ஓட வேண்டும்? குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிப் பார்த்து, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60-ம், 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50-ம் அதற்கு மேலும் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழிவிழுவது, வழக்கமான பாலில் பாதிகூடக் குடிக்காதது, முனகல், துவண்டு கிடப்பது, உதடு நீலமாவது, மூச்சு நின்று நின்று வருவது... இவற்றில் ஒன்று தெரிந்தாலும், நடு இரவானாலும் 108-ஐ அழையுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயக் கோளாறு உள்ள குழந்தை, 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் முன்னதாகவே காட்டிவிடுங்கள்.

அடுத்த முறை மருத்துவர் வரும்போது, 'நெபுலைசர் ஏன் வைக்கவில்லை' என்று கேட்பதைவிட, 'ஆக்ஸிஜன் அளவு எப்படி இருக்கிறது, பால் போதுமான அளவு இறங்குகிறதா' என்று கேளுங்கள். குழந்தை தேறுகிறதா என்பதை அந்த இரண்டு பதில்கள் சொல்லிவிடும்.