காய்கறிக்காரம்மா ஏறும் ரயில்

மிங்கலாடோன் என்றதும் மியான்மரின் யாங்கூனுக்குப் போய்வந்தவர்களுக்கு விமான நிலையம்தான் நினைவுக்கு வரும். அதே மிங்கலாடோனில்தான் ஹ்லாகா ஏரி இருக்கிறது. யாங்கூன் நகரத்துக்குக் குடிநீர் தரும் அந்த ஏரியை ஒட்டி 1982இல் தொடங்கப்பட்ட வனவிலங்குப் பூங்காவின் பரப்பு 623 ஹெக்டேர். பாம்புத்தாரா, நீர்க்காகம், சீழ்க்கைச் சிறகி எல்லாம் அங்கே உண்டு. நமக்கு ஐப்பசி என்றால் அடைமழை. அங்கோ மழை ஓயும் மாதம். தடிங்யூட் விளக்குத் திருவிழா நடக்கும் அந்த நாள்களில் தகைவிலான், பழுப்புக் கீச்சான், கதிர்க்குருவி என வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வந்து இறங்கத் தொடங்கும்.

இவற்றைப் பார்க்கக் கார் வேண்டுமா? வேண்டியதில்லை என்பதற்கு யாங்கூனின் வட்ட ரயில் நல்ல சான்று. சுமார் 46 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை. பழைய வண்டிகளில் ஒரு சுற்று முடிய ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். இன்செயின், டன்யின்கோன், மிங்கலாடோன் என்று நகரின் வடக்கு விளிம்பைத் தொட்டு வரும். டன்யின்கோன் நிலையத்தை ஒட்டியே பெரிய காய்கறிச் சந்தை இருப்பதால் கீரைக்கட்டும் மூட்டையுமாகப் பெண்கள் ஏறி இறங்குவார்கள். ரயிலை விட்டு இறங்கி, பியே சாலையில் தாவ்ச்சான் பக்கம் போகும் பேருந்தைப் பிடித்தால் ஹ்லாகா போய்விடலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காய்கறி விற்பவரின் நேரமும் பறவையின் நேரமும் ஒன்றே. அக்டோபரில் யாங்கூனில் ஆறு மணி வாக்கில் விடிகிறது. அதன்பின் இரண்டு மணி நேரம்தான் பறவைகள் நன்றாகக் கண்ணில் படும். சந்தைக்காக விடியுமுன் ஓடும் வண்டி பறவை பார்ப்பவருக்கும் அப்படியே உதவும். அந்த வண்டி ரத்தானால் முதலில் அடிபடுவது கூடை சுமக்கும் பெண். அடுத்தது பைனாகுலர் வாங்கக் காசு சேர்த்துவைத்த கல்லூரி மாணவர். பறவை நோக்கலைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டுப் போக்குவரத்தைப் பற்றித் தனியாகப் பேசுவது சரியல்ல என்று நான் நினைப்பது இதனால்தான்.

எங்கும் ரயில் இருந்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. யாங்கூனுக்கு வடகிழக்கே, பகோ வட்டாரத்தில் இருக்கும் மோயுன்ஜி, 1878இல் கால்வாய்க்கு நீர் தருவதற்காக வெட்டப்பட்ட நீர்த்தேக்கம். 2004இல் மியான்மரின் முதல் ராம்சார் தலமானது; அதாவது, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகப் பட்டியலில் சேர்ந்தது. மண்டலே ரயில் பாதையில் உள்ள பின்போன்ஜி நிலையம் அதற்குப் பக்கம்தான். ஆனால் 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, அந்நாட்டில் பயணமே அச்சம் கலந்த காரியமாகிவிட்டது. மிங்கலாடோனில் விமானப்படைத் தளமும் உண்டு. அங்கே தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சாதாரண மனிதர் நிற்பது எளிதல்ல. அச்சமில்லாமல் நடமாட முடிவதும் பறவை பார்ப்பதற்கு ஒரு முன்நிபந்தனை. அது வாய்த்திருக்கிற நாம் அதை எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோம்!

வேடந்தாங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள மக்கள் பறவைகளைக் காக்கக் கேட்ட உரிமையை 1798இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் எழுத்தில் தந்தார். எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமானது. பறவை அவர்கள் கண்ணெதிரே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதனால் காத்தார்கள். சென்னையின் பிள்ளைகளுக்கு அந்த நெருக்கம் கிடைக்க வேண்டுமானால் அவர்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் பேருந்து வேண்டும். கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஏரிக்கு ஆபத்து வரும்போது எத்தனை பேர் குரல் கொடுப்பார்கள்? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்காகப் பேசுவோர் இத்தனை பேர் இருப்பதற்கு, அது நகரப் பேருந்துகள் ஓடும் சாலையோரத்தில் இருப்பதும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தத் திட்டத்துக்குப் பின்னர் வைத்த பெயர் விடியல் பயணம். ஆனால் விடியலுக்கு முன்பே நீர்நிலைக்குப் போய்ச்சேர வண்டி இருக்கிறதா என்பதே என் கேள்வி. நவம்பர் முதல் மார்ச் வரை, சனி ஞாயிறுகளில், சூரியன் எழுமுன் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் இறக்கிவிடும்படி செங்கல்பட்டிலிருந்து ஒரு பேருந்தும், ஒன்பதரை மணிக்குத் திரும்ப ஒன்றும் விட்டுப் பார்க்கட்டும். சரணாலய வாசலும் அந்த நேரத்துக்கே திறக்கட்டும். போகிற வழியில் கீரைக்கட்டோடு ஏறுகிறவர்களுக்கும் அதில் இடம் இருக்கும்.