இராக்கால உழவும் டிராக்டரின் துணை விளக்குகளும்

காஞ்சிபுரம் ஜில்லாவில் சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய போகங்களில் எதற்குச் சேடை ஓட்டும் காலம் வந்தாலும், டிராக்டருக்கு இரவு பகல் என்ற வித்தியாசம் இல்லாமற் போகின்றது. ஏரி மதகு திறந்தபின் ஆயக்கட்டு முழுவதும் சில தினங்களுக்குள் உழுதாக வேண்டும். வாடகை டிராக்டரோ கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் கிடைப்பதில்லை. ஆகவே உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கங்களில் நள்ளிரவிலும் வயல்களில் விளக்கொளி நகர்வதைக் காணலாம். டிராக்டருடன் வந்த விளக்குகள் போதாவென்று துணை விளக்குகள் வாங்கிப் பொருத்துவதும் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் தவறன்று. அவ்விளக்குகளைத் தெரிந்தெடுக்கும் முறையே பெரும்பாலும் தவறாயிருக்கின்றது.

கடைக்குச் செல்லும் டிராக்டர் சொந்தக்காரர் எது அதிகப் பிரகாசம் என்பதொன்றையே விசாரிக்கிறார். முன்புறத்தில் நான்கும் ஆறுமாக விளக்குகளைக் கட்டிக்கொண்டு இருளைப் பகலாக்கிச் செல்லும் வண்டியின் பின்னே, நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரில் ஒரு சிவப்பு விளக்கும் இருப்பதில்லை. தாம் பார்ப்பதற்காக ஆயிரக்கணக்கில் செலவிடுபவர், தம்மைப் பிறர் பார்ப்பதற்காகச் சில நூறு ரூபாய் செலவிடத் தயங்குகிறார். துணை விளக்கு, செய்யும் வேலைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். அதை வாங்குவதற்கு முன்பே டிரெய்லரின் பின்புறம் கவனிக்கப்படவேண்டும். இவ்விரண்டையும் விவசாயிகள் மனதிற் கொள்ளுதல் நலம்.

வயலில் வேண்டுவது விரிந்த ஒளி

விளக்குகளில் இருவகை உண்டு. ஒளியைக் குறுகிய கற்றையாக வெகுதூரம் செலுத்துவது ஸ்பாட் விளக்கு. அருகிலேயே அகலமாகப் பரப்புவது பிளட் விளக்கு. சேடை ஓட்டும் டிராக்டர் மனிதன் நடக்கும் வேகத்திலேயே செல்கின்றது. அதை ஓட்டுபவருக்கு இருநூறு மீட்டருக்கு அப்பாலுள்ள பனைமரம் தெரிந்து ஆவதொன்றுமில்லை. இருபது மீட்டருக்குள் உள்ள வரப்பும், வாய்க்காலும், கைப்பிடிச் சுவரில்லாத கிணற்று மேடும், வண்டி திரும்பும் பக்கத்து மூலையும் தெரியவேண்டும். ஆகையால் வயல் வேலைக்கு ஸ்பாட் விளக்கு பிரயோஜனமற்றது. குறைந்த சக்தியுள்ள பிளட் விளக்கே சிலாக்கியமானது.

முன்புறத்தைக் காட்டிலும் பின்புற விளக்கு முக்கியமானது. ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு சாதாரணமாக நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது வினாடிக்கு ஒன்பது சுற்றுச் சுழல்கின்றது. கத்தியில் சிக்கிய வைக்கோலை எடுக்கவோ, வரப்போரம் மண்ணைத் தள்ளவோ உடனாள் ஒருவர் பின்னே வருவதுண்டு. அவர் துண்டின் நுனி தண்டில் பட்டால், கூவுவதற்கும் அவகாசம் இராது. ஓட்டுபவர் திரும்பிப் பார்க்கும்பொழுது ஆள் எங்கே நிற்கிறார் என்பது தெளிவாகத் தெரிந்தாலன்றி அவ்விடத்தில் இராவேலை செய்தல் கூடாது.

பின்புறத்தில் ஒரே விளக்கு வைத்தால் கருவியின் ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் கரிய நிழலாகவும் இருக்கும். ஆள் நிற்பது அந்நிழலிலேயே இருக்கலாம். காஞ்சிபுரத்துத் தறிக்குழியில் அமரும் நெசவாளி தன் கை நிழல் இழையின்மேல் விழாதபடி பார்த்தே விளக்கைத் தொங்கவிடுகிறார். அந்த யுக்தியையே இங்கும் கைக்கொள்ளலாம். இரண்டு மட்கார்டுகளிலும் ஒவ்வொரு சிறு விளக்கை வைத்து, இரண்டின் ஒளியும் கருவியின்மேல் குறுக்காகச் சந்திக்கும்படி திருப்பிவிட்டால் ஒன்றின் நிழலை மற்றொன்று போக்கும்.

முன் விளக்குகளை ஓட்டுபவரின் கண்மட்டத்தை ஒட்டிப் பொருத்துவதும் பிசகு. புழுதியிலும் மார்கழிப் பனியிலும் அவ்வொளி கண்ணுக்கே திரும்பி வரும். பானெட்டின்மேல் பட்டுப் பளபளத்தாலும் அதே கெடுதல் நேரும். விளக்கு தாழ்ந்தும், பானெட்டுக்கு முன்னாலும் இருப்பது நல்லது.

நிறமும் கவனிக்கத்தக்கது. நீலம் கலந்த வெள்ளொளி கண்ணைக் கவர்ந்தாலும், பூச்சிகளையும் அதிகம் கவரும். விளக்குப் பொறி வைத்துக் குருத்துப்பூச்சியின் அந்துகளைப் பிடிக்கும் விவசாயிகளுக்கு இதை விவரிக்க வேண்டுவதில்லை. 6,000 கெல்வினுக்கு மேற்பட்ட விளக்கைத் தவிர்த்து, 4,000 முதல் 5,000 கெல்வின் வரையுள்ளதை வாங்கினால் பூச்சித் தொல்லையும் கண் கூசுதலும் ஓரளவு குறையும்.

பெட்டியிலுள்ள எண்ணும் பேட்டரியின் கணக்கும்

விளக்குப் பெட்டியின்மேல் 200 வாட், 300 வாட் என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்புதல் கூடாது. டிராக்டர் பேட்டரி 12 வோல்ட். வாட்டை 12ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். மெக்கானிக்கிடமுள்ள ஆம்பியர் மீட்டரில் ஒரு விளக்கு ஒன்றரை ஆம்பியர் மட்டும் இழுப்பதாகக் காட்டினால், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அது 18 வாட் விளக்கேயாகும்.

பல டிராக்டர்களில் 36 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் உள்ளது. என்ஜின் மெதுவாக ஓடும்பொழுது அவ்வளவும் கிடைப்பதில்லை. 55 வாட் ஹாலஜன் விளக்கு நான்கு சேர்த்தால் 18 ஆம்பியருக்குச் சற்று அதிகமாகும். வண்டியின் சொந்த முன்விளக்குகளுக்குச் சுமார் 10 ஆம்பியர் போக, பேட்டரி ஏறுவதற்கு மிஞ்சுவது சொற்பமே. விடியற்காலையில் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய நேர்வதற்கு இது ஒரு காரணம். அதே இடத்தில் 20 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு வைத்தால் ஏழு ஆம்பியருக்குள் அடங்கும். வயலுக்கு வேண்டிய ஒளியும் குறையாது.

கம்பியில் சிக்கனம் பார்ப்பது வீண். 10 ஆம்பியர் மின்சாரம் 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில் போகவும் வரவுமாக எட்டு மீட்டர் ஓடினால், வழியிலேயே சுமார் ஒரு வோல்ட் குறைந்துவிடும். ஹாலஜன் விளக்கில் அந்த ஒரு வோல்ட்டினால் ஒளியில் ஏறக்குறைய கால்பங்கு போய்விடும். ஆதலால் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும், தனி ரிலேயும், பேட்டரிக்கு அருகிலேயே பியூஸும் அவசியம். பியூஸ் போனால் அவ்விடத்தில் வெறுங்கம்பியைச் சுற்றிவிடும் வழக்கம் வைக்கோல் ஏற்றும் வண்டிக்குத் தீ வைப்பதற்கு ஒப்பானது.

விளக்கின் உறையில் ஐ.பி. 67 என்ற குறி இருத்தல் வேண்டும். தூசி உட்புகாது என்பதும், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும் என்பதும் அதன் பொருள். எனினும் வாட்டர் சர்வீஸில் பீச்சும் அழுத்த நீருக்கு அக்குறி உத்தரவாதமல்ல; கழுவும்பொழுது குழாயை விளக்கின்மேல் நேரே பிடிக்கலாகாது.

பாதையிற் செல்லும்பொழுது

வயலில் நன்மை செய்யும் விளக்கே பாதையில் எமனாகக்கூடும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, வண்டியின் பின்னே சிவப்பைத் தவிர வேறு நிற ஒளி காட்டுவதைத் தடுக்கின்றன. அதற்குள்ள சில விலக்குகளில், டிராக்டரின் பின்னே கருவி வேலை செய்யும் இடத்தைக் காட்டும் உழவு விளக்கும் ஒன்று. ஆனால் அவ்விலக்கு வயல் வேலைக்காக மட்டுமே. இதன் நியாயம் எளிதில் விளங்கும். இருளில் பின்னால் வருபவருக்கு வெள்ளை விளக்கு தெரிந்தால், எதிரே வண்டி வருவதாகவே அவர் எண்ணுவார். தமக்கு முன்னே அதே திசையில் டிராக்டரொன்று மெதுவாகச் செல்கிறதென்பதை அவர் அறிவதற்குள் காரியம் மிஞ்சிவிடும். ஆகையால் வயலைவிட்டுப் பாதையில் ஏறுமுன் உழவு விளக்கை அணைப்பது கட்டாயப் பழக்கமாக வேண்டும். அது எரிந்தால் ஓட்டுபவருக்குத் தெரியும்படி டாஷ்போர்டில் ஒரு சிறு சிவப்புப் பொட்டு விளக்கை இணைப்பது மிகவும் அனுகூலமானது.

முன்விளக்குக்கும் விதியுண்டு. எட்டு மீட்டர் தூரத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண்ணிருக்கும் ஒருவரைக் கூசச் செய்யாதபடி ஒளி கீழ்நோக்கித் தாழ்ந்திருக்கவேண்டும். ஸ்பாட் விளக்கைப் பதிவு அதிகாரியின் முன் அனுமதியின்றிப் பொருத்தலாகாது. "எதிரே வரும் லாரிக்காரர் விளக்கைத் தாழ்த்துவதில்லை, நான் மட்டும் ஏன் தாழ்த்தவேண்டும்?" என்று கேட்பவர் உண்டு. லாரிக்காரரின் கண் கூசினால் அவர் மோதப்போவது அக்கேள்வியைக் கேட்டவர்மீதே என்பதுதான் விடை. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவைக்கு வரும் கால்நடைக் கூட்டத்தையும் இங்கே நினைக்கவேண்டும். சொர்ணவாரி உழவும் அவ்வுற்சவமும் அடுத்தடுத்த காலத்தில் வருவன. கூசும் ஒளிக்குப் பக்கத்தில் நடந்து செல்பவர் எவர் கண்ணுக்கும் தென்படுவதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய அபாயம் சக்கரம் பஞ்சராகிப் பாதையோரம் இருளில் நிற்கும் டிரெய்லர். பாலுசெட்டிச்சத்திரம், தாமல் வழியாகச் செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் வினாடிக்கு 22 மீட்டர் கடக்கின்றது. ஓட்டுபவர் கண்டுகொண்டு பிரேக்கை அழுத்துவதற்கு இரண்டு வினாடியாயின், அதற்குள் 44 மீட்டர் போய்விடும். தாழ்த்திய முன்விளக்கில் இருண்ட பொருள் தெளிவாகத் தெரியும் தூரமும் ஏறக்குறைய அவ்வளவே. பிரதிபலிப்பான் இருந்தால் அதைப்போலப் பல மடங்கு தூரத்திலேயே மின்னும். இரண்டு சிவப்புப் பிரதிபலிப்பான்கள், எரியும் சிவப்பு விளக்கு, டிரெய்லருக்கு மின்சாரம் செல்லும் பிளக் ஆகிய மூன்றும் இல்லாத டிரெய்லர் சூரியன் அஸ்தமித்தபின் பாதையில் ஏறவே கூடாது.

வைக்கோல் பாரம் ஏற்றினால் பின்விளக்கும் பிரதிபலிப்பானும் மறைந்துவிடும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். அப்பொழுது பாரத்தின் கடைசியில் பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கொன்றைக் கட்டித் தொங்கவிடவேண்டும். அரிக்கேன் விளக்கை அவ்விடத்தில் கட்டுதல் பெரும் ஆபத்து. அமெரிக்காவில் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 1960களின் தொடக்கத்தில், மெதுவாகச் செல்லும் வண்டிகளுக்கென்று சிவப்பு ஓரமும் ஆரஞ்சு நடுவுமுள்ள முக்கோணப் பலகையொன்றைக் கண்டுபிடித்தார்கள். மின்சாரமில்லாமலே பகலிலும் இரவிலும் கண்ணுக்குப் புலப்படும் அப்பலகை இப்பொழுது பல தேசங்களில் வழங்குகின்றது. இந்நாட்டு டிரெய்லர்களிலும் அதைப் பொருத்துவதற்குச் செலவு அதிகமாகாது.

ஊரார் செய்யத்தக்கது

இவ்விஷயத்தை டிராக்டர் ஓட்டுபவரின் தலையில் மட்டும் சுமத்துதல் நியாயமன்று. விளக்கு வாங்கிக் கொடுப்பவர் சொந்தக்காரர். நெல்லை இரவிலேயே கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகச் சொல்பவர் நிலக்காரர். வாடகை பேசும்பொழுதே டிரெய்லரின் பின்விளக்கு எரிகிறதா என்று கேட்டு, இல்லையேல் வேறு வண்டி அமர்த்தும் நிலக்காரர் பத்துப்பேர் ஒரு கிராமத்தில் இருந்தால், மறு போகத்துக்குள் அக்கிராமத்து வண்டிகள் யாவும் சீர்பட்டுவிடும். ஜனவரி 26ஆம் தேதி கூடும் கிராம சபை சம்பா அறுவடையின் தருணத்தில் வருகின்றது. அன்று ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் ஊரிலுள்ள டிரெய்லர்களை ஓரிடத்தில் நிறுத்திப் பார்வையிட்டு, பிரதிபலிப்பான் இல்லாதவற்றிற்கு அங்கேயே ஒட்டச் செய்யலாம். அரை நாள் வேலையே.

செலவின் வரிசை இவ்வாறு இருப்பது உசிதம். முதலாவது, டிரெய்லரின் சிவப்பு விளக்கும் பிரதிபலிப்பான்களும். இரண்டாவது, கருவியின்மேல் விழும் இரண்டு சிறிய உழவு விளக்குகள். மூன்றாவது, நல்ல கம்பியும் ரிலேயும் பியூஸும். இவை முடிந்தபின் பணம் மிஞ்சினால் முன்புறத்துக்குத் துணை விளக்கு வாங்கலாம். இவ்வரிசையைத் தலைகீழாக்கி முன்னே மட்டும் பிரகாசித்துச் செல்லும் வண்டி வயலில் நன்றாக உழக்கூடும். ஆனால் உழுதவர் வீடு திரும்புவதற்கு அது உறுதி சொல்லாது.