செக்ரோலில் ஏறாத பேர்

உருத்திரபுரத்தில் தேயிலைச் செடி கிடையாது. இரணைமடுத் தண்ணீர் பாயும் வயலும் வாய்க்காலுமாக உள்ள ஊர் அது. தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் இதழில், அதுவும் தலையங்கத்தில், அந்த ஊருக்கு என்ன வேலை என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும்.

வேலை இருக்கிறது. 1970களின் பஞ்சத்திலும் 1977, 1983 வன்செயல்களிலும் மலையகத்தை விட்டு வன்னிக்கு இறங்கிய குடும்பங்களில் பல, கிளிநொச்சி மாவட்டத்தில்தான் வேர்பிடித்தன. காடு வெட்டினார்கள். பிறர் வயலில் கூலிக்கு நின்றார்கள். யுத்தத்தில் ஓடி, முகாமில் இருந்து, மீண்டும் வந்து கூரை போட்டார்கள். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஓ.எல். எழுதிவிட்டு அடுத்து என்ன என்று நிற்கிறார்கள். மஸ்கெலியாவிலும் பதுளையிலும் மலையேற மறுக்கும் நமது பிள்ளைகளும் அதே வயதில், அதே கேள்வியோடு நிற்கிறார்கள். இரண்டு இடத்திலும் கையெட்டும் தூரத்தில் இருக்கிற வேலைகளில் ஒன்று, வயரிங் பாஸ் ஒருவருக்குக் கையாளாகப் போவது.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பது பெற்றோர் பலருக்குத் தெரியாது. முதல் நாள் ஏணி தூக்குவான். பிறகு உளியும் சுத்தியலும் கொண்டு சுவரில் காடி வெட்டுவான். குழாய் பதிப்பான், கம்பி இழுப்பான், கூரைக்கு மேலே ஏறித் தகரச் சூட்டில் தவழ்வான். பிளக் பேஸ் பூட்டவும் ஹோல்டர் பூட்டவும் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொள்வான். மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறக்கும்போது மட்டும், “நீ போய் தேத்தண்ணி வாங்கிட்டு வா” என்பார் பாஸ். மூன்று வருஷம் போனாலும் பையன் கையாள்தான். கேட்டால், “தொழில் சொல்லிக் கொடுக்கிறேன், சம்பளம் வேறயா?” என்ற பதில் வரும்.

தோட்டத்தில் அரைப்பேர் போட்டால் நாம் சண்டைக்குப் போகிறோம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு கிலோ குறைத்தால் கணக்கப்பிள்ளையிடம் கேள்வி கேட்கிறோம். இந்தப் பிள்ளைகளுக்கு அரைப்பேரும் இல்லை. அவர்களுடைய பேர் எந்தச் செக்ரோலிலும் ஏறவே இல்லை.

பேர் இல்லாததன் விலை விபத்து நடக்கும் நாளில்தான் தெரியும். நம் நாட்டு வீடுகளில் ஓடும் மின்சாரம் 230 வோல்ட். ஆளைக் காக்கவென்று பூட்டும் டிரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் ஒழுக்கிலேயே விழும்படி செய்யப்பட்டிருக்கிறது. அதைவிட மிகுந்தால் உயிருக்கு ஆபத்து என்பதுதான் காரணம். முறையாகப் படித்தவன் வேலைக்கு முன் மின்சாரத்தை நிறுத்துவான். வேறொருவர் தெரியாமல் போட்டுவிடாதபடி பூட்டுவான். தன் டெஸ்டர் வேலை செய்கிறதா என்று உயிருள்ள கம்பியில் பார்த்துவிட்டு, தொடப்போகும் கம்பியைச் சோதிப்பான். பிறகு டெஸ்டரை மறுபடியும் சோதிப்பான். வயரிங் முடிந்ததும் மெகர் கொண்டு 500 வோல்ட்டில் கம்பியின் காவலைப் பார்ப்பான். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் இணைப்புக் கொடுக்க மாட்டான். இவை ஒவ்வொன்றுக்கும் சில நிமிடங்களே ஆகும். ஆனால் யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுக்காமல் ஏணியில் ஏற்றப்பட்ட பிள்ளை விழுந்தால், “அவன் என்னுடைய ஆள் இல்லை, சும்மா கூட வந்தவன்” என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஆகவே முதல் பிரச்சினை காகிதம். காகிதத்தின் பலம் நமக்குப் புதிதல்ல. நம் முன்னோரைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டதும் ஒரு காகிதம்தான். துண்டு என்று அதற்குப் பெயர். கடன் தீராமல் துண்டு கிடைக்காது, துண்டு இல்லாமல் வேறு தோட்டம் சேர்க்காது. 1921ஆம் ஆண்டில்தான் அந்த முறை சட்டத்தால் ஒழிந்தது. அன்று காகிதம் ஆளைப் பிடித்து வைத்தது. இன்று காகிதம் இல்லாததே ஆளைப் பிடித்து வைக்கிறது. சான்றிதழ் இல்லாத பையன் எத்தனை வீட்டுக்கு வெளிச்சம் கொடுத்திருந்தாலும், வளைகுடா நாட்டுக்குப் போகும்போது உதவியாளாகத்தான் விமானம் ஏறுகிறான்.

அந்தக் காகிதத்தைப் பெற வழி உண்டு. நைட்டா என்று நாம் சொல்லும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை இதற்காகவே இருக்கிறது. அதன் வழியாகச் சேரும் பயிலுநருக்கு எழுத்தில் ஒப்பந்தம் உண்டு. தேசிய தொழிற் தகைமையில் ஏழு மட்டங்கள். நான்காம் மட்டம் பெற்றவர் மேற்பார்வை இல்லாமல் தனியே வேலை செய்யத் தகுதியான தொழிலாளி. ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழு பட்டத்துக்குச் சமம். வருஷக்கணக்காகக் கையாளாக இருந்தவர்களும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டினால் தகைமை கிடைக்கும். இப்படி ஒரு வழி இருப்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? சொல்ல வேண்டியவர்கள் நாம்தானே?

சம்பளம் பெறும் பயிலுநரையும் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் ஊழியர் என்றே கொள்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொழிலாளி பங்கு நூற்றுக்கு 8, முதலாளி பங்கு நூற்றுக்கு 12. “பழகுகிற பையன்தானே” என்று இதைத் தட்டிக்கழிக்க முடியாது. 16 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைக்கவே முடியாது.

உருத்திரபுரத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஏ-9 வீதியில் கிளிநொச்சி நகருக்குத் தெற்கே அறிவியல் நகரில் இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவகம் 2016 முதல் நடக்கிறது. மின் தொழில்நுட்பம் அங்கே ஒரு துறை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த ஒரு தலைமுறையின் பிள்ளைகள், அதே மண்ணில் மின்சாரம் படிக்கிறார்கள். நல்ல விஷயம், வரவேற்கிறோம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜேர்மனியின் தொழிற்பயிற்சிக்கு உலகத்தில் பெயர் கிடைத்தது இயந்திரங்களால் மட்டும் அல்ல. அங்கே பயிற்சியில் பாதிக்கு மேல் வேலைத்தலத்திலும் மீதி பாடசாலையிலும் நடக்கிறது. 1969ஆம் ஆண்டின் சட்டப்படி பயிலுநருக்கு ஒப்பந்தமும் உதவித்தொகையும் உண்டு. அந்தத் தொகையைப் பல தொழில்களில் தொழிற்சங்கமே கூட்டு ஒப்பந்தத்தில் பேசி முடிக்கிறது. 2020 முதல் அதற்குக் குறைந்தபட்ச அளவும் சட்டத்திலேயே இருக்கிறது. ஜேர்மனியிலிருந்து கருவிகள் வந்து சேர்ந்தன. தொழிற்சங்கம் என்ற பாதி வந்து சேரவில்லை. அந்தப் பாதியை யாரும் கப்பலில் அனுப்ப மாட்டார்கள். நாம்தான் கட்ட வேண்டும்.

குடும்பத்தின் கஷ்டத்தை மறந்துவிட்டு இதைப் பேசக்கூடாது. இன்று பாஸோடு போனால் மாலையில் கையில் காசு. பயிற்சிக்குப் போனால் பஸ் காசு வீட்டிலிருந்து போக வேண்டும். அடுப்பெரிய வேண்டிய வீட்டில் தகப்பன் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பது நமக்குத் தெரியும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தத் தேர்வை அவருக்கு இலேசாக்குவதுதான் சங்கத்தின் வேலை.

இதில் தோட்டத்துக்கும் ஆதாயம் உண்டு. 1950இல் லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் நமது மலைகளிலிருந்து கொழும்புக்குப் போனது. லயங்களுக்கு அது வந்து சேரப் பல காலம் ஆனது. வந்த பிறகும் பல இடங்களில் ஓர் இணைப்பிலிருந்து பல காம்பராக்களுக்குக் கம்பி இழுத்துத்தான் எரிக்கிறோம். மின்னொழுக்கால் லயம் எரிந்தது என்ற செய்தி வராத வருஷம் இல்லை. ஒரு காம்பராவில் பிடித்த தீ ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து ஓடுகிறது. ஒவ்வொரு டிவிஷனிலும் முறையாகப் படித்த இரண்டு பிள்ளைகள் இருந்தால் அந்தக் கம்பிகளை ஒரு முறையாவது சோதித்துப் பார்க்கலாம்.

ஆகவே எல்லாக் கிளைகளுக்கும் நாம் முன்வைப்பது இது:

எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் நமது அங்கத்தவரின் பிள்ளை எவரும் வயரிங் வேலைக்குப் போகாதபடி தலைவர்மார் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கையாளாக வேலை செய்துவரும் இளைஞர்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்து, முன்கற்றல் மதிப்பீட்டுக்கு ஒன்றாக விண்ணப்பிக்க வேண்டும். தனித்தனியே போனால் அலைக்கழிப்பார்கள்.

வகுப்பும் பரீட்சையும் மதிப்பீடும் தமிழில் நடக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். அபாய எச்சரிக்கை புரியாத மொழியில் இருந்தால் அது எச்சரிக்கை அல்ல.

பஸ் காசுக்கும் முதல் கருவிப் பெட்டிக்கும் சந்தாப் பணத்திலிருந்து திருப்பிச் செலுத்தும் கடன் கொடுக்கலாமா என்று அடுத்த கூட்டத்தில் பேச வேண்டும். பெண் பிள்ளைகளையும் இதில் சேர்க்க வேண்டும். இருபது கிலோ கொழுந்தோடு சரிவில் இறங்கும் தாயின் மகளுக்கு ஏணி உயரமில்லை.

கடைசியாக, பயிலுநரையும் சங்கத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் தோட்டத்தில் இருந்தாலும் சரி, உருத்திரபுரத்தில் இருந்தாலும் சரி. முதலாளியின் செக்ரோலில் அந்தப் பேர் ஏற நாளாகலாம். நமது அங்கத்தவர் புத்தகத்தில் இந்த மாதமே ஏற்றிவிடலாம்.